நாற்பதுக்கு மேல் பைக் ரேஸ்: லேப் கணக்கில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் வழி

நாற்பத்தைந்து வயதில் ரேஸ் ஓட்ட வருகிறவர் இருபது வயதுப் பிள்ளைகளை முந்திக் காட்ட வேண்டியதில்லை. ரேஸ் முடிந்ததைக் காட்டும் செக்கர் கொடி விழும்வரை ஓடி, எல்லா லேப்பையும் (டிராக்கை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் ஒரு லேப்) முடித்து, வண்டியையும் உடம்பையும் சேதமில்லாமல் பிட்டுக்கு, அதாவது வண்டிகள் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்தால் போதும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி சேர்ப்பதற்காக ஓட்டுகிறவருக்கு இது இன்னும் பொருந்தும். இரண்டாவது லேப்பிலேயே விழுந்து கிடந்தால் அன்றைக்குப் பெரிதாக எதுவும் சேராது. அதனால் உடற்பரிசோதனை, வண்டி, நன்கொடைக் கணக்கு எல்லாவற்றையும் ‘முடித்த லேப்’ என்கிற ஒரே அளவை வைத்துத் திட்டமிடுங்கள்.

பந்தயம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. ஓட்டப் போட்டியும் பந்தயம், பணம் கட்டுவதும் பந்தயம். இந்த இரண்டாவது பொருள் உங்கள் நிதி திரட்டலுக்குள் நுழையக் கூடாது. “முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் பத்தாயிரம் தருகிறேன்” என்று நண்பர் சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள். கடைசி லேப்பில் முன்னால் போகிறவரை எட்டும் தூரத்தில் இருக்கும்போது அந்தப் பத்தாயிரம் நினைவுக்கு வரும், பிரேக்கில் கை பத்து மீட்டர் தாமதமாக விழும்.

லேப்புக்கு இவ்வளவு என்று வாங்குங்கள். ஒரு சீசனில் 4 ரவுண்டு (தனித்தனியாக நடக்கும் போட்டிக் கூட்டம்), ரவுண்டுக்கு 2 ரேஸ், ரேஸுக்கு 6 லேப் என்று வைத்துக்கொண்டால் 48 லேப். லேப்புக்கு 50 ரூபாய் வீதம் 40 பேர் சம்மதித்தால் 96,000 ரூபாய் சேரும். கொடுக்கிறவருக்கு ஆண்டு முழுவதும் அதிகபட்சம் 2,400 ரூபாய்தான். இந்த உச்சவரம்பைக் கேட்கும்போதே சொல்லிவிட்டால் பலர் தயங்காமல் ஒப்புக்கொள்வார்கள். ஒவ்வொரு வண்டியிலும் லேப்பைத் தானாகப் பதிவுசெய்யும் டிரான்ஸ்பாண்டர் கருவி கட்டியிருப்பதால் யார் எத்தனை லேப் முடித்தார் என்பது அதிகாரபூர்வ முடிவுத்தாளில் வந்துவிடும். செங்கொடி காட்டி ரேஸை நிறுத்தினாலும், மழையில் லேப் குறைந்தாலும் முடிவுத்தாளில் உள்ளதே கணக்கு என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள்.

எங்கே ஓட்டுவது

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டை வரும். சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் ரேஸ் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-இல் இங்கே சொந்த டிராக்கைத் திறந்தது. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். முழுச் சுற்று 3.717 கி.மீ., 12 திருப்பங்கள், வலஞ்சுழி ஓட்டம். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ. நீளம்தான். நேர்ப்பாதைகள் குட்டையாக இருப்பதால் முதல் பயிற்சிக்கு அதுவே தோது.

டிராக் டே, பயிற்சிப் பள்ளி, உரிமம், ரேஸ் என்ற வரிசையில் ஏறுங்கள். டிராக் டே என்பது போட்டியில்லாத ஓட்டம். குறைந்தது ஐந்தாறு நாள் அப்படி ஓட்டிய பிறகே ரேஸைப் பற்றி யோசிக்கலாம். அடுத்து, அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி. போட்டிக்கான உரிமத்தை எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு ஆண்டுதோறும் வழங்குகிறது. ரேஸ் வகுப்புகளின் பெயரும் சிசி எல்லையும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், வண்டி வாங்கும் முன் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் படித்துவிடுங்கள். விதியைப் பார்க்காமல் வண்டி வாங்கிவிட்டு எந்த வகுப்பிலும் சேர முடியாமல் நிற்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. டிவிஎஸ், ராயல் என்ஃபீல்டு போன்ற நிறுவனங்கள் நடத்தும் ஒன்-மேக் போட்டிகளில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி. தேர்வில் இடம் கிடைத்தால் சொந்தமாக வண்டி தயாரிக்கும் செலவும் அலைச்சலும் மிச்சமாகும்.

உடம்பு

உரிமத்துக்கு மருத்துவச் சான்று கேட்பார்கள். படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்), டிரெட்மில் டெஸ்ட், மூன்று மாதச் சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், கண் எல்லாம் பாருங்கள். சும்மா படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜியில் இதயக் குழாய் அடைப்பு தெரியாமல் போகலாம், டிரெட்மில்லில் ஓடும்போதுதான் வெளிப்படும். ரேஸில் இதயத்துடிப்பு முதல் லேப்பிலேயே ஏறி, கொடி விழும்வரை இறங்காது. அதோடு தோல் உடைக்குள் வெயில் வேறு.

கண்ணைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெள்ளெழுத்துக்காகப் புரொகிரெசிவ் கண்ணாடி போடுகிறவர் திருப்பத்தில் தலையைச் சாய்த்து ஓரப் பார்வையாகப் பார்க்கும்போது, கண்ணாடியின் ஓரத்தில் பிம்பம் கலங்கும். வளைவின் முடிவு எங்கே என்று தெரியாது. தூரப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ போட்டுக்கொள்ளுங்கள். இன்ஜின் சுழற்சியைக் காட்டும் டேகோமீட்டரின் எண் தெளிவாகத் தெரியாவிட்டால் பாதகமில்லை, கியர் மாற்றச் சொல்லி எரியும் ஷிஃப்ட் லைட் போதும்.

தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் ஓட்டத்தின் நடுவே சர்க்கரையைத் தாழ்த்தக்கூடும். ரத்த அழுத்தத்துக்காகக் கொடுக்கும் நீர் பிரியும் மாத்திரை, வெயில் நாளில் உடம்பை வறட்டிவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல் சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடிபட்டால் உள் ரத்தக்கசிவு ஆபத்து அதிகம். மாதவிடாய் நின்ற பெண்கள் எலும்பு அடர்த்தியைச் சோதித்துக்கொண்டு வாருங்கள். இந்த விளையாட்டில் காறை எலும்பு முறிவது சாதாரணம்.

புற்றுநோயிலிருந்து மீண்டவர்களே ஓட்ட வருவதும் உண்டு. அவர்கள் தங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டியவை இருக்கின்றன. டாக்சோரூபிசின், டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் இதயத் தசையைப் பாதிக்கக்கூடியவை என்பதால் எக்கோவை விடவே கூடாது. பாக்ளிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின் ஆகிய புற்றுநோய் மருந்துகளை எடுத்தவர்களுக்கு விரல் நுனி மரத்துப்போயிருக்கலாம். பிரேக் லிவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை விரல்தான் சொல்கிறது, அது மரத்திருந்தால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும்வரை தெரியாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியை மட்டும் டிராக் டேயில் ஓட்டுவது அவர்களுக்கு நல்ல வழி. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீங்கும் தொந்தரவு இருந்தால் இறுக்கமான தோல் உடையின் கையை அகலப்படுத்தித் தைக்க வேண்டும். மருந்து ஏற்றும் போர்ட் மார்பில் இன்னும் இருந்தால், அது எடுக்கப்படும்வரை காத்திருங்கள்.

பயிற்சியை முதல் டிராக் டேக்கு நான்கு மாதம் முன்பே தொடங்கலாம். வாரம் நான்கு நாள் 40 நிமிடம் சைக்கிளோ ஓட்டமோ, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி போல் அமர்ந்து 60 நொடி வீதம் நான்கு முறை, பிளாங்க், கழுத்துக்கான எதிர்விசைப் பயிற்சி. ஏன் தொடைக்கு இவ்வளவு முக்கியத்துவம்? பிரேக் பிடிக்கும்போது முன்னால் தள்ளும் உடம்பை முழங்காலால் பெட்ரோல் டாங்கை இறுக்கித் தாங்க வேண்டும். தொடை சோர்ந்தால் அந்தப் பாரம் கைக்கு வரும், முன்கைத் தசை கல்லாக இறுகும், ஐந்தாவது லேப்பில் விரல் லிவருக்கு வராது. புதியவர்கள் இதைக் கையின் பலவீனம் என்று நினைத்து டம்பெல் தூக்குகிறார்கள். டாங்கின் இருபுறமும் ரப்பர் பிடிமானம் ஒட்டினால் பாதித் தொல்லை தீரும்.

வண்டி

முதல் ஆண்டுக்கு 150 முதல் 200 சிசி போதும். சுமார் 140 கிலோ எடை, டயரும் பிரேக் பேடும் மெதுவாகத் தேயும், விழுந்தாலும் உதிரிபாகம் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும். சக்தி குறைந்த வண்டி திருப்பத்தில் வேகத்தைக் காப்பாற்றக் கற்றுக்கொடுக்கும். பெரிய வண்டி, திருப்பத்தில் செய்த பிழையை நேர்ப்பாதையில் மறைத்துவிடும்.

பழைய வண்டி ஒன்றை வாங்கினால் முதலில் கழற்ற வேண்டியவை: கண்ணாடிகள், ஹெட்லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட், சேலை கார்டு, பின் இருக்கைக் கைப்பிடி, பில்லியன் ஃபுட்ரெஸ்ட், சைடு ஸ்டாண்டு, சென்டர் ஸ்டாண்டு. சைடு ஸ்டாண்டைக் கழற்றும்போது அதன் சுவிட்சைக் கவனியுங்கள். பல வண்டிகளில் ஸ்டாண்டு மடங்கியிருப்பதாக சுவிட்ச் சொன்னால்தான் இன்ஜின் கியரில் ஓடும். வயரை அப்படியே தொங்கவிட்டால் ஓட்டத்தின் நடுவே இன்ஜின் நின்றுவிடும். எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒழுங்காக இணைத்து, சாலிடர் செய்து, டியூபால் மூடுங்கள். ஸ்டாண்டு போய்விட்டதால் வண்டியை நிமிர்த்தி நிறுத்தும் தனி பேடாக் ஸ்டாண்டு ஒன்று அவசியம். டிராக்குக்குக் கொண்டுபோகக் குட்டி யானை வைத்துக்கொள்ளுங்கள். இப்படி மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டுவது சட்டப்படி தவறு.

ஆயில் டிரெயின் போல்ட், ஆயில் ஊற்றும் மூடி, ஃபில்டர் மூடி, பிரேக் கேலிப்பர் போல்ட்கள் ஆகியவற்றுக்குப் பாதுகாப்புக் கம்பி கட்ட வேண்டும். போல்ட் தலையில் 1.5 மி.மீ. துளை, 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, ஓர் அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு. கம்பி எப்போதும் போல்ட்டை இறுக்கும் திசையில் இழுத்து நிற்க வேண்டும். எதிர்த்திசையில் கட்டினால் போல்ட் தளர்வதை அது தடுக்காது, ரேஸுக்கு முன் நடக்கும் வண்டிப் பரிசோதனையில் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். துளை போடும்போது டிரில் பிட் உடைவது சகஜம். ஐந்தாறு வாங்கிவைத்து, எண்ணெய் விட்டு, மெதுவான வேகத்தில் போடுங்கள். இவ்வளவு பாடு ஏன் என்றால், ஒரு வண்டியிலிருந்து கொட்டும் ஆயில் பின்னால் வருகிற பத்துப் பேரை விழ வைக்கும்.

நீர்க்குளிர்ச்சி வண்டியானால் கூலன்டை வடித்துவிட்டு வடிநீர் மட்டும் ஊற்றுங்கள். கூலன்டில் உள்ள கிளைகால் தரையில் சிந்தினால் வழுக்கும், சீக்கிரம் காயாது. ரேஸ் முடிந்து வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் திரும்பக் கூலன்ட் ஊற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே துரு ஏறும்.

பிரேக் திரவத்தை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. டாட் 4 என்ற தரத்துப் பிரேக் திரவத்தின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். சென்னைக் காற்றின் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம். திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகி, நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் லிவர் ஹேண்டில்பார்வரை சும்மா வரும். ஒவ்வொரு ரவுண்டுக்கு முன்பும் புதுப் புட்டி திறந்து மாற்றுங்கள்.

செயின் தளர்வை நீங்கள் வண்டியில் உட்கார்ந்திருக்க இன்னொருவர் பார்க்க வேண்டும். சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இறுகும். ஸ்டாண்டில் நிற்கும்போது சரியாகத் தெரிவது ஓட்டத்தில் முறுக்கேறி கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்றுவிடும். பிரேக், கிளட்ச் லிவர்களின் கிளாம்பை வெறித்தனமாக முடுக்காதீர்கள். விழும்போது லிவர் சுழன்று விலகினால் பிழைக்கும், அசையாமல் நின்றால் ஒடிந்து ரேஸ் முடிந்துவிடும்.

உடை

தலைக்கு இ.சி.இ. 22.06 பாதுகாப்புத் தர முத்திரையும் இரட்டை டி-வளையப் பூட்டும் உள்ள முழுமுக ஹெல்மெட். உடலுக்கு ஒரே துண்டாகத் தைத்த தோல் உடை, உள்ளே இ.என். 1621-2 என்ற தரத்தில் இரண்டாம் நிலை முதுகுக் காப்பு. மணிக்கட்டைத் தாண்டும் கையுறை, கணுக்காலுக்கு மேல் போகும் பூட்ஸ். காசு மிஞ்சினால் காற்றுப்பை உள்ளுடை வாங்குங்கள். நாற்பது தாண்டிய விலாவுக்கும் காறை எலும்புக்கும் அதைவிட நல்ல முதலீடு இல்லை. உடையைக் கடையில் நின்றபடி போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வண்டி மேல் குனிந்து அமரும்போது பொருந்த வேண்டும், நிற்கும்போது சற்றுக் கூன் விழுந்தது போல் இழுத்தால் அளவு சரி. பழைய ஹெல்மெட்டை யாரிடமும் வாங்க வேண்டாம்.

ரேஸ் நாள்

விடியற்காலையில் போய் வண்டிப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். இட்லி போன்ற எளிய உணவு, ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு ஓஆர்எஸ் பொட்டலம் என்று கரைத்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இருங்காட்டுக்கோட்டை வெயிலில் தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். ஓட்டங்களுக்கு இடையே உடையை இடுப்புவரை இறக்கிவிட்டு நிழலில் உட்காருங்கள்.

டயர் காற்றழுத்தத்தை ஓடி முடித்து உள்ளே வந்த அந்த நிமிடமே பாருங்கள், தயாரிப்பாளர் சொல்லும் சூட்டு அழுத்தத்துக்கு அப்போது சரிசெய்யுங்கள். வெப்பம் ஐந்தாறு டிகிரி மாறினால் சுமார் 1 பி.எஸ்.ஐ. மாறும். காலை ஏழு மணிக்கு வைத்த அழுத்தம் மதியம் இரண்டு மணிக்குப் பொருந்தாது.

வலஞ்சுழி டிராக்கில் டயரின் வலப்பக்கம் சீக்கிரம் சூடாகும். இடப்பக்கம் பின்தங்கும். முதல் இரண்டு லேப்பில் இடத்திருப்பங்களைத் தனி மரியாதையோடு அணுகுங்கள்.

கொடிகளை உறக்கத்திலும் சொல்லத் தெரிய வேண்டும். மஞ்சள்: முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. மஞ்சள்-சிவப்புக் கோடுகள்: தரை வழுக்கும். சிவப்பு: ரேஸ் நிறுத்தம், வேகம் குறைத்துப் பிட்டுக்குத் திரும்ப வேண்டும். ஆரஞ்சு வட்டமுள்ள கறுப்புக் கொடியோடு உங்கள் எண்ணைக் காட்டினால் உங்கள் வண்டியில் கோளாறு, உடனே ஓட்டப்பாதையை விட்டு விலகுங்கள். நீலக்கொடி புதியவரைத்தான் அதிகம் குழப்புகிறது. வேகமானவர் பின்னால் வருகிறார் என்று அர்த்தம். உடனே ஓரம் ஒதுங்குவதுதான் மரியாதை என்று நினைத்துச் சட்டென்று விலகினால், அவர் முந்தத் தேர்ந்தெடுத்த பக்கத்திலேயே போய் நிற்பீர்கள். உங்கள் கோட்டிலேயே சீராகப் போங்கள். திரும்பிப் பார்க்க வேண்டாம், அவர் வழி கண்டுகொள்வார்.

ஸ்டார்ட்டில் முதல் திருப்பத்துக்குள் இடம் பிடிக்கப் போராடாதீர்கள். பெரும்பாலான கூட்ட விபத்து அங்கேதான். இரண்டு இடம் பின்தங்கினாலும் லேப் கணக்கு குறைவதில்லை.

விழுந்தால் வண்டியைக் கையிலிருந்து விட்டுவிடுங்கள். சறுக்கல் முழுவதும் நின்றது என்று தோன்றிய பிறகும் இரண்டு எண்ணி, பிறகு எழுந்து, வருகிற வண்டிகளைப் பார்த்துவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போங்கள். ஹெல்மெட் தரையில் அடித்திருந்தால் அது அன்றோடு சரி. தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் எதுவானாலும் மருத்துவமனைக்குத்தான், அன்றைய அடுத்த ஓட்டம் கிடையாது. தலையில் அடிபட்டவரை அன்றிரவு தனியாகப் படுக்கவிடாதீர்கள்.

பாலிசிகளையும் படித்துவிடுங்கள். வண்டியின் சாதாரண இன்சூரன்ஸ் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கியே எழுதப்பட்டிருக்கும். மெடிக்ளெய்மிலும் தனிநபர் விபத்துப் பாலிசியிலும் இதே விலக்கு பெரும்பாலும் இருக்கும். ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கு நீங்கள் ரேஸ் ஓட்டுவதை எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கிக் குடும்பத்தார் கையில் கொடுங்கள்.

பணம்

நன்கொடை ஒரு ரூபாய்கூட உங்கள் வங்கிக் கணக்குக்கோ யுபிஐக்கோ வரக் கூடாது. உறவினரல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அது உங்கள் வருமானமாகக் கணக்கில் ஏறும், கொடுத்தவருக்கும் வரிச்சலுகை கிடைக்காது. எல்லோரும் நேராக நிறுவனத்துக்கே செலுத்தி, ரசீதின் நகலை உங்களுக்கு அனுப்பட்டும். டயர், பெட்ரோல், நுழைவுக் கட்டணம் உங்கள் சொந்தப் பணம். இந்த இரண்டு பணமும் கலந்தால் நல்ல எண்ணத்தோடு செய்தாலும் ஊர் நம்பாது.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஆராய்ச்சியையும் சிகிச்சை உதவியையும் பிரித்துக் கேளுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனமும், மும்பை டாட்டா மெமோரியலும் இரண்டையும் செய்கின்றன. பொதுவாகக் கொடுத்த பணம் எதற்கும் போகலாம், அதில் தவறும் இல்லை. ஆனால் நீங்கள் ஆராய்ச்சிக்கென்று கேட்டு வாங்கியிருந்தால் ஆராய்ச்சி நிதிக்கே சேர்க்கும்படி எழுத்தில் உறுதி பெற வேண்டும். பணம் எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்லலாம். ஐஐடி பம்பாயும் டாட்டா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. சில வகை ரத்தப் புற்றுநோய்களுக்கு நோயாளியின் சொந்த அணுக்களையே மாற்றிப் போரிட வைக்கும் கார்-டி முறையில் இந்தியாவிலேயே உருவான முதல் சிகிச்சை அது. அதன் பின்னால் பல ஆண்டு ஆய்வக வேலை இருக்கிறது. அந்த வேலைக்குத்தான் நீங்கள் கை நீட்டுகிறீர்கள்.

நிறுவனத்தின் பெயரையோ சின்னத்தையோ வண்டியில் ஒட்டும் முன் அவர்களின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. போட்டி எண்ணுக்கான இடத்தை ஸ்டிக்கர் மறைக்கக் கூடாது. வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்ப விரும்பினால், அந்த நிறுவனத்துக்கு வெளிநாட்டு நன்கொடை பெறும் பதிவு இருக்கிறதா என்று கேட்டு, அதற்கென உள்ள தனிக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். கம்பெனி நிதி கேட்கப் போகிறவர்கள் நிறுவனத்தின் சிஎஸ்ஆர்-1 (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெறுவதற்கான) பதிவு எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

80ஜி என்று சொல்லிப் பழகிய வரிச்சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவர்களுக்கும் இல்லை. சம்மதம் வாங்கும் அன்றே பெயர், முகவரி, பான் எண் மூன்றையும் நிறுவனத்தின் படிவத்திலேயே நிரப்பச் சொல்லிவிடுங்கள். பான் எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் சான்றிதழ் வராது. ஒவ்வொரு ரவுண்டும் முடிந்த வாரத்துக்குள் முடிவுத்தாளின் படத்தையும் அவரவர் செலுத்த வேண்டிய தொகையையும் அனுப்புங்கள். சீசன் முடிவில் மொத்தமாகக் கேட்டால் பாதிப் பேருக்கு மறந்துபோயிருக்கும். 11 லேப் முடித்த ரவுண்டுக்கு 550 ரூபாய், 12 முடித்ததற்கு 600 என்று எழுதி, முடிக்காத அந்த ஒரு லேப்பில் என்ன நடந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.